மணி வாங்கப் பாரிமுனையா, பாண்டி பஜாரா?

சென்னையில் மணி, கம்பி, கொக்கி வாங்க எங்கே போகலாம் என்று யாரைக் கேட்டாலும் ‘பாரிஸ் போயிடுங்க’ என்ற பதில்தான் வரும். பதில் தப்பில்லை, அரைகுறை. என்ன வேண்டும், எத்தனை மில்லிமீட்டரில் வேண்டும், எவ்வளவு வேண்டும் என்ற மூன்றும் தெரிந்தவருக்குத்தான் பாரிமுனை மலிவு. தெரியாமல் போகிறவர் கை நிறையப் பையோடு திரும்புவார், அதில் பாதி மேசை இழுப்பறையிலேயே கிடக்கும். அரைக் கிலோ பாக்கெட்டை விலை குறைவு என்று வாங்கி ஐம்பது கிராம் மட்டும் பயன்படுத்தினால், பேட்டை ஃபேன்ஸி ஸ்டோரில் இரண்டு மடங்கு கொடுத்து ஐம்பது கிராம் வாங்கியவரைவிட நமக்கே செலவு அதிகம். கடையைத் தேர்ந்தெடுக்கும்முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில் பாரிமுனையையே பார்த்துவிடலாம். 2019இல் திறந்த உயர்நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் என்.எஸ்.சி. போஸ் சாலை. வண்டி நிறுத்த இடம் தேடும் வேலை மிச்சம். அந்தச் சாலையை ஒட்டிய சௌகார்பேட்டைச் சந்துகளில்தான் நமக்கு வேண்டியவை இருக்கின்றன. காசி செட்டித் தெரு, நாராயண முதலி தெரு இரண்டும் ஃபேன்ஸி சாமான்களுக்கும் இமிடேஷன் நகைகளுக்கும் மொத்தச் சந்தை. தெருமட்டத்தில் கண்ணில் படுபவை பெரும்பாலும் தயாராகக் கோத்த மாலையும் வளையலும் கிளிப்பும்தான். உதிரி மணியும் பாகங்களும் பல கட்டடங்களில் மாடியில் இருக்கும். ஓராள் ஏறும்போது இன்னோராள் இறங்க முடியாத படிக்கட்டைப் பார்த்துத் தயங்கித் திரும்பிவிடாதீர்கள்.

இங்கே வியாபாரம் கட்டு, பாக்கெட், குரோஸ் கணக்கில்தான். குரோஸ் என்றால் 144. கொக்கியும், கம்பி முனையை அழுத்திப் பூட்டும் கியர் லாக்கும், குந்தன் கல்லும் இந்தக் கணக்கில் வரும். பிளாஸ்டிக் மணியும் பொடி மணியும் எடை போட்டு. கண்ணாடி மணியும் கல் மணியும் சரமாக. “கட்டு பிரிக்க மாட்டோம், மேடம்” என்ற வாக்கியம் ஒரு நாளில் பலமுறை காதில் விழும். அது அலட்சியம் இல்லை. பிரித்த கட்டை அடுத்த வியாபாரி வாங்கமாட்டார் என்பதால் சொல்வது. சில்லறையாகவும் தரும் கடைகள் அதே தெருவிலேயே உண்டு, விலை மட்டும் கொஞ்சம் ஏறும். முதல் தடவை போகிறவர்கள் அந்தக் கடைகளைத் தேடுவதே நல்லது.

சரம் வாங்கும்போது விலையை மட்டும் கேட்காமல் நீளத்தையும் கேட்க வேண்டும். 16 அங்குலச் சரத்தில் 8 மி.மீ. மணி சுமார் 50 இருக்கும். 14 அங்குலமென்றால் 44தான். இரண்டு கடையில் ஒரே விலை சொன்னால் அந்த ஆறு மணிதான் வித்தியாசம். எடை போட்டு வாங்கும் பொடி மணிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆரி வேலைக்கும் கோப்பதற்கும் அதிகம் போகும் 11 என்ற அளவு சுமார் 2 மி.மீ. இருக்கும், 10 கிராமுக்கு ஏறக்குறைய ஆயிரம் மணி நிற்கும். எண் கூடக்கூட மணி சிறுக்கும். 8 என்பது 3 மி.மீ., 6 என்பது 4 மி.மீ. ஒரு ஜாக்கெட் கைக்கு எவ்வளவு என்று வீட்டில் ஒரு சதுர அங்குலம் தைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் சேட்டுக் கடையில் பேரம் பேசவே தனி தைரியம் வரும்.

நிறம் இன்னொரு சங்கதி. ஒரே எண்ணுள்ள பாக்கெட்டாக இருந்தாலும் அடுத்த சரக்கு வரும்போது மெரூன் சற்றே பழுப்பாகியிருக்கலாம். கல்யாண ஆர்டருக்கு ஆறு செட் செய்ய வேண்டுமானால் ஆறுக்கும் சேர்த்து, கொஞ்சம் கூடுதலாக, ஒரே நாளில் வாங்கிவிட வேண்டும். மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்தத் தொழிலில் செல்லாது. செய்து முடித்த நகையிலிருந்து ஒரு மணியையோ, புடவை ஓரத்திலிருந்து ஒரு நூலையோ மாதிரியாக எடுத்துப் போங்கள். கைப்பேசிப் படத்தைக் காட்டி நிறம் கேட்டால் கடைக்காரர் அவருக்கு எது தீர வேண்டுமோ அதை எடுத்துக் கொடுப்பார்.

காலை பதினொன்றுக்கு முன்னால் போய்ப் பயனில்லை, மாலை ஐந்துக்கு மேல் போனால் நடக்க முடியாது. இடைப்பட்ட நேரத்தில் பசித்தால் மின்ட் தெருப் பக்கம் முறுக்கு சாண்ட்விச் கிடைக்கும். ரொட்டிக்குப் பதில் முறுக்கு வைத்துச் செய்யும் இந்தப் பண்டத்துக்காகவே ஒரு தடவை போகலாம்.

மண்ணடிப் பக்கம் பவளக்காரத் தெரு என்று ஒன்று இருக்கிறது. கோட்டையில் கம்பெனியார் இருந்த காலத்தில் யூத வணிகர்கள் மத்தியதரைக் கடல் பவளத்தை இங்கே கொண்டுவந்து இறக்கி, பதிலுக்கு வைரம் வாங்கிப்போனார்கள். பெயரை நம்பிப் பவளம் வாங்க அங்கே போய் நிற்க வேண்டாம்.

தியாகராய நகர் வேறு மாதிரி. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து 2023இல் திறந்த ஆகாய நடைபாதை வழியாக ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் சிக்காமலே பேருந்து நிலையம் வரை வந்துவிடலாம். மணி வாங்கப் போகிறவர் எப்படியும் அந்தக் கூட்டத்தில் இறங்கத்தான் வேண்டும் என்பது வேறு கதை. ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் கிடைப்பவை பெரும்பாலும் முடிந்த நகைகள். உதிரிப் பாகங்களுக்குத் தையல் சாமான் கடைகளையும் சில ஃபேன்ஸி கடைகளையும்தான் நம்ப வேண்டும். ஒரு ஜோடி ஜிமிக்கிக்கு இரண்டு கொக்கி, ஒரு திருகு, ஒரு மீட்டர் செயின் என்று கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பது இவர்கள்தான். விலை பாரிமுனையைவிட அதிகம், ஆனால் மூட்டையாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. கற்றுக்கொள்ளும் கட்டத்தில் இருப்பவருக்கு இதுவே சரியான இடம் என்பது என் கட்சி. வடசென்னைக்காரர்கள் இதற்காகத் தி.நகர் வரை வரவும் வேண்டாம், புரசைவாக்கத்திலேயே இவ்வளவும் முடிந்துவிடும்.

ஆரி வேலை செய்கிறவர்கள் பேட்டைக்குப் பேட்டை இருக்கும் டெய்லரிங் மெட்டீரியல் கடைகளை மட்டமாக நினைத்துவிடுகிறார்கள். சுகர் பீட்ஸ், கட் பீட்ஸ், குழல் மணி, சர்தோசி, ஜர்கான் எல்லாம் இங்கே சின்னச் சின்னப் பாக்கெட்டாக வந்துவிட்டன. ஆர்டர் நடுவில் ஒரு பாக்கெட் குறைந்தால் ஓடிப்போய் வாங்க முடிவதுதான் இவற்றின் பலம். நிறம் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நாட்டிய நகை, கோயில் நகை பக்கம் போகிறவர்கள் மயிலாப்பூருக்குத்தான் போக வேண்டும். மாட வீதிகளிலும் அவற்றை ஒட்டிய தெருக்களிலும் பரதநாட்டிய செட் விற்கும் கடைகள் பரம்பரையாக இருக்கின்றன. கெம்புக் கல் பதித்த பதக்கம், ராக்கொடி, சூரியப் பிரபை, சந்திரப் பிரபை போன்றவற்றைத் தனித்தனி உறுப்பாக வாங்கி, மணி மட்டும் நாம் கோத்துக்கொள்ளலாம். நல்ல பதக்கத்தை வாங்கிச் சாதாரண மணியில் கோத்தாலும் மாலை எடுபடும். மட்டமான பதக்கத்தை எந்த மணியாலும் காப்பாற்ற முடியாது. கெம்பு வேலையின் தாய்வீடு நாகர்கோவிலின் வடசேரி. அங்கே கைவேலையாகச் செய்யும் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடே உண்டு. மயிலாப்பூரில் ‘வடசேரி வேலை’ என்று சொல்லிக் கொடுத்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அச்சில் வார்த்ததற்கும் கையால் கட்டியதற்கும் வித்தியாசம் முதுகில்தான் தெரியும்.

கல் மணியும் கிரிஸ்டலும் வாங்குவதில்தான் ஏமாற்றம் அதிகம். கல் மணிக்குப் பெரும்பாலும் ஜெய்ப்பூர்தான் மூலம், அகேட் என்றால் குஜராத்தின் கம்பாத்தும். இங்குள்ள நல்ல கடைக்காரர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் சொல்லிவிடுவார். சாயம் ஏற்றிய கல்லை விற்பது குற்றமில்லை, சொல்லாமல் விற்பதுதான் பிரச்சினை. வெள்ளைக் கல்லில் நீலச் சாயம் ஏற்றினால் டர்க்காய்ஸ் ஆகிவிடுகிறது. நகப்பூச்சு நீக்கியில் நனைத்த பஞ்சால் ஒரு மணியை, அதுவும் ஓட்டைக்கு அருகில், தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் இறங்கினால் சாயம். கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று அறியக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் போதும், கண்ணாடி சில்லென்று இருக்கும். முத்தைப் பல்லில் மெல்ல உரசினால் அசல் என்றால் நறநறவென்று இருக்கும், போலி வழுக்கும். கடைக்காரர் முன்னால் செய்யக் கூச்சமாக இருந்தால் ஒரே ஒரு சரம் வாங்கிவந்து வீட்டில் சோதித்துவிட்டு மறுபடி போகலாம்.

‘ஸ்வரோவ்ஸ்கி’ என்று சொல்லி உதிரிக் கல்லை நீட்டுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். கைவினைக்காரர்களுக்கான உதிரிக் கல் விற்பனையிலிருந்து விலகுவதாக அந்த ஆஸ்திரிய நிறுவனம் 2020இன் பிற்பகுதியிலேயே அறிவித்துவிட்டது. இன்று மேசைமேல் கொட்டிக் கிடப்பது பழைய இருப்பாக இருக்கலாம், பெரும்பாலும் அப்படி இருக்காது. சீனக் கிரிஸ்டலைச் சீனக் கிரிஸ்டல் என்று சொல்லி விற்கும் கடையே மேல்.

இணையம் எதற்கு? கடைத்தெருவில் கிடைக்காதவற்றுக்கு. ஜப்பானின் மியூக்கி, டோஹோ பொடி மணிகள் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக ஒரே அளவில் இருக்கும். தறியில் மணி நெய்கிறவர்களுக்கு, பூவேலைப்பாட்டுக் காதணி செய்கிறவர்களுக்கு, நம் சந்தைப் பொடி மணி சரிவராது. வரிசை கோணிப்போகும். அந்த வேலைக்கு மட்டும் கூடுதல் விலை கொடுத்து இணையத்தில் வாங்கலாம். மற்றபடி படத்தில் கோலிக்குண்டு போலத் தெரிவது வந்துசேரும்போது மிளகு அளவில் இருக்கும். மில்லிமீட்டர் போடாத விளம்பரத்தில் எதையும் வாங்காதீர்கள். ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு திரையின் முன்னால் உட்காருவதில் வெட்கமில்லை.

நரிக்குறவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மெரினாவிலும் கோயில் வாசல்களிலும் பாசிமணி விற்கும் அவர்களில் பலர் மொத்தக் கடைகளில் மணி வாங்கித் தாங்களே கோக்கிறார்கள். அந்த விரல் வேகமும் முடிச்சின் இறுக்கமும் எந்த வகுப்பிலும் கிடைக்காது. நாம் கோக்க ஒரு மணி நேரம் பிடிக்கும் சரத்தை அவர்களிடம் சொல்லிச் செய்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஷோரூமில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு இங்கே வந்து பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்பதில் என் முடிவு இது. மணியில் பிடிக்கலாம். பாகத்தில் கூடாது. மணி மங்கினால் வாடிக்கையாளர் ‘போட்டுப் போட்டுப் பழசாயிடுச்சு’ என்பார். கொக்கி கறுத்துக் காது புண்ணானால் மறுபடி உங்களிடம் வரவே மாட்டார். காது புண்ணாவதற்குப் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம், அதனால் நிக்கல் கலக்காத கொக்கி என்று கேட்டு வாங்குங்கள். கம்பிக்கும் இதே விதி. கோக்க கியர் வயர், சுற்றுவதற்கு 24 அல்லது 26 கேஜ், உருவம் வளைக்க 20 கேஜ். வாங்கும் முன் ஒரு துண்டை விரலால் நாலு முறை வளைத்து நிமிர்த்திப் பாருங்கள். மேற்பூச்சு உதிர்ந்தாலோ கம்பி ஒடிந்தாலோ அடுத்த கடை. கியர் லாக்கை ஒரே கடையில், ஒரே வகையில், குரோஸ் கணக்கில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் புதுச் சரக்கை நம்பி அழுத்திப் பார்ப்பது மாலை அறுந்து கல்யாண மண்டபத்தில் மணி சிதறும்போதுதான் எவ்வளவு தவறென்று தெரியும்.

ஆகவே, கற்றுக்கொள்ளும் வரை தி.நகரோ புரசைவாக்கமோ போதும். மாதத்துக்கு நாலைந்து ஆர்டர் நிலையாக வரத் தொடங்கியதும் பாகங்களை மட்டும் பாரிமுனைக்கு மாற்றுங்கள், நிறங்கள் எவை ஓடுகின்றன என்று தெரிந்தபின் மணியை. தீபாவளி ஆர்டர் எடுப்பவர்கள் ஆடி மாதத்திலேயே சரக்கு எடுத்துவிட வேண்டும், ஐப்பசியில் போனால் மிச்சம் மீதிதான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். சௌகார்பேட்டையில் பெரும்பாலான மொத்தக் கடைகளுக்கு அன்று விடுமுறை.