அடி வண்ணம்: உப்பளத்துக்கு எந்த நிறம்?

இயற்கைக் காட்சி ஒன்றைத் தீட்ட உட்கார்ந்ததும் நாம் பெரும்பாலும் என்ன செய்கிறோம்? வெள்ளைத் துணியின் மேற்பகுதியில் நீலத்தைப் பூசி வானத்தைத் தொடங்குகிறோம். வெண்மைக்குப் பக்கத்தில் எந்த வண்ணமும் உள்ளதைவிடக் கறுத்துத் தெரியும். உடனே வெள்ளையைக் கலந்து வெளிறச் செய்கிறோம். துணி முழுதும் நிறைந்த பிறகு பார்த்தால் படம் சோகை பிடித்தாற்போல் இருக்கிறது. இதைத் தவிர்க்கவே எண்ணெய் வண்ண ஓவியர்கள் ஒரு நடுத்தர நிறத்தை மெல்லியதாகப் பூசி, காயவிட்டு, அதன்மேல் வரைகிறார்கள். அதுவே அடி வண்ணம்.

நம் ஊரில் இதை விளக்க முத்தைக் காட்டினால் போதும். 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுவிட்டாலும் முத்தை அறியாதவர் நம்மில் உண்டோ? முத்தின் ஒளி அதன் மேற்பரப்பில் மட்டும் இல்லை. அடுக்கடுக்கான மெல்லிய படலங்களுக்குள் புகுந்து திரும்பும் ஒளி அது. மெல்லிய எண்ணெய்ப் பூச்சிலும் அடியிலிருந்து ஒளி திரும்பி வருகிறது.

பழைய இத்தாலிய ஓவியர்கள் மாதாவின் திருமுகத்தை வரையும்போது முதலில் பச்சை மண்ணைப் பூசி, அதன்மேல் இளஞ்சிவப்பை ஏற்றினார்கள். சியன்னா நகரப் பேராலயத்துக்காகத் தூச்சோ 1308 முதல் 1311 வரை தீட்டிய பீடப் படம் அந்த மரபைச் சேர்ந்தது. மேற்பூச்சு தேய்ந்த பழைய படங்களில் முகங்கள் பச்சை பாய்ந்து காணப்படுவது இதனால்தான். சிவப்பும் பச்சையும் எதிர் நிறங்கள். ஒன்று அடியில் இருந்தால் மற்றது உயிர் பெறும். எனவே வயலும் தோப்பும் தீட்டுவோர் செம்பழுப்பான பர்ன்ட் சியன்னாவை நாடுகிறார்கள். புனித கத்தரீனம்மாள் பிறந்த அதே சியன்னாவின் பெயர்தான்! மஞ்சள் மண்ணைச் சுட்டால் அதிலுள்ள இரும்பினால் அது சிவக்கிறது. நம் தேரி மணலின் சிவப்பும் இரும்பு ஆக்ஸைடே. ஆகவே குதிரைமொழித் தேரியின் பனைகளைத் தீட்டுகிறவளுக்குக் கவலையில்லை. செம்மண் தெரிய வேண்டிய இடங்களில் அடி வண்ணத்தை அப்படியே விட்டுவிடலாம்.

உப்பளம் அவ்வளவு எளிதாக இல்லை. பள்ளி மண்டபத்துக்கென முள்ளக்காட்டு உப்பளத்தைத் தீட்ட எங்கள் ஓவிய வகுப்பு முடிவு செய்தது. மூன்று ஹார்டுபோர்டுத் துண்டுகளில் ஒரே காட்சியை வரைந்து பார்த்தோம். மஞ்சட்காவியின்மேல் வானம் இதமாக வந்தது. ஆனால் அடியே வெளிறியிருந்ததால் உப்புக் குவியல் எடுப்பாக நிற்கவில்லை. நீலச் சாம்பலின்மேல் குவியல்கள் நிலவொளியில் மின்னுவனபோல் அமைந்தன. எல்லோரும் அதையே விரும்பினோம். அப்போது ஒரு தோழி, "எங்க அம்மா உப்பு வாருற இடம் இப்படிக் குளுகுளுன்னு இருக்காது. கண்ணு கூசும்" என்றாள். சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

மூன்றாவது துண்டில் பர்ன்ட் சியன்னாவுடன் துளி நீலம் சேர்த்திருந்தோம். பாத்தி நீரின் நீலத்துக்கு இடையே செம்பழுப்பு ஆங்காங்கே எட்டிப் பார்த்தது. குவியலின் வெயில் பக்கத்தில் கடைசியாக வைத்த வெள்ளை, கண்ணைக் குத்தியது. முந்தியதைப் போல் அழகாக இல்லைதான். ஆனால் வெயில் இருந்தது. பலகையோடு குனிந்து நிற்கும் பெண்களின் உருவமும் அந்த வெயிலுக்குள் பொருந்தியது. அதையே தேர்ந்தெடுத்தோம்.

மண்டபத்தில் பல ஆண்டுகள் தொங்க வேண்டிய படமாதலால் அடியை மிகக் கறுப்பாக்கவில்லை. எண்ணெய் வண்ணம் நாளடைவில் ஒளி ஊடுருவும் தன்மை பெறுவதால், இருண்ட அடி மெல்ல மேலெழும்பும். 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் படங்கள் பல இவ்வாறு இருண்டு போயின. நீர் வண்ணத்தில் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே தாளின் வெண்மைதான் ஒளி. விலையிலும் மண் நிறங்கள் மலிவானவை. அப்பாவிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

அடி வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்துத் துணியால் துடைத்தாற்போல் பூசுங்கள். எண்ணெய் சேர்க்க வேண்டாம். எண்ணெய் மிகுந்த பூச்சு மேலேதான் வர வேண்டும். அடியில் இருந்தால் அது மெதுவாகக் காயும், மேலுள்ளது வெடிக்கும். அவசரமென்றால் அம்பர் நிறத்தைக் கலக்கலாம். அதிலுள்ள மாங்கனீசு விரைவில் காயச் செய்யும். ஓரிரு நாள் கழித்து விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் நிறம் ஒட்டினால் இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும்.