சுவரும் மூச்சு விடும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பழைய செங்கல் கட்டடங்கள் சிலவற்றை இன்றும் காணலாம். அவற்றின் வெளிப்பூச்சு உப்பி, வெடித்து, பாளம் பாளமாக உதிர்ந்திருக்கும். அதைக் கண்டதும், "சுவரே உளுத்துவிட்டது, இடித்துவிடலாம்" என்று சிலர் முடிவு கட்டுகின்றனர். வேறு சிலர், உதிர்ந்த இடத்தில் சிமெண்டைப் பூசி மறைத்துவிடுகின்றனர். இரண்டுமே அவசர முடிவுகள்.

சிமெண்டு பரவலாவதற்கு முன்னர், செங்கல்லை அடுக்கவும் சுவரைப் பூசவும் சுண்ணாம்புச் சாந்தே பயன்பட்டது. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டு, நீர் சேர்த்தால் நீற்றிய சுண்ணாம்பு கிடைக்கும். நம் பாட்டிமார் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் இதுவே. இதனை மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரிவளியை ஈர்த்து மெல்ல மெல்லக் கல்லாக இறுகும். இப்பூச்சில் நுண்துளைகள் உண்டு. சுவர் உறிஞ்சிய மழையீரம், வெயில் வந்ததும் அத்துளைகளின் வழியே ஆவியாகிவிடும். சுவர் 'மூச்சு விடுகிறது' என்பது இதைத்தான்.

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு 1824ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றார். புதிய கட்டடங்களுக்கு அது ஏற்றது. ஆனால், மென்மையான பழைய செங்கல்மீது பூசினால், விரிசல் வழியே நுழையும் நீர் எளிதில் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கும். நீரில் கரைந்த உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி அதனைப் பொடியாக்கும். பின்னர் சிமெண்டு பெயரும்போது செங்கல்லின் மேற்பரப்பும் உடன் பெயர்ந்துவிடும். எனவேதான், 2008ஆம் ஆண்டு உலக மரபுடைமைத் தகுதி பெற்ற ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளைச் சீரமைப்பதற்குச் சுண்ணாம்புப் பூச்சு பரிந்துரைக்கப்படுகிறது.

பழுதுபார்க்கும் முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிய வேண்டும். கூரை ஒழுகலாம், மழைநீர்க் குழாய் அடைத்திருக்கலாம், சுவரோரம் மண் மேடிட்டிருக்கலாம். இவற்றைச் சரிசெய்யாமல் பூசும் பூச்சு நெடுநாள் நிலைக்காது. அடுத்து, சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளீடற்ற ஓசை எழும் இடத்தில் மட்டும் பழைய பூச்சை நீக்கினால் போதும். உறுதியான பகுதியைப் பெயர்க்கக் கூடாது. வெண்மையாகப் படிந்த உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுக்க வேண்டும்.

பிறகு சுவரை நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற அளவில் குழைத்த சாந்தை மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். ஓர் அடுக்கு இறுகிய பின்னரே அடுத்ததைப் பூசலாம். கடும் வெயிலும் மழையும் படாதவாறு ஈரச்சாக்கைத் தொங்கவிடுவது நன்று. இறுதியாக, சுண்ணாம்பு நீரை அடித்து முடிக்கலாம். காற்று புகாத வண்ணச்சாயத்தைத் தவிர்க்க வேண்டும். சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். ஆதலால், அனுபவமிக்க கொத்தனாரே கையுறையும் கண்ணாடியும் அணிந்து இவ்வேலையைச் செய்ய வேண்டும்.

பூச்சு, தான் தேய்ந்து செங்கல்லைக் காக்கிறது. அது உதிர்வதைச் சுவரின் முடிவு என்று எண்ணிவிடக் கூடாது. நம் முன்னோர் வாழ்ந்து உழைத்த கட்டடத்தை இடிக்கச் சொல்லும் முன், அதன் சுவரை ஒருமுறை தட்டிப் பார்ப்போம்.