லூர்தில் நோயாளருக்குத் துணை நிற்கப் போகிறீர்களா?

பிரான்சின் லூர்து திருத்தலத்தில், நோயுற்ற யாத்திரிகர்களைக் கவனிக்கும் தன்னார்வத் தொண்டு 1880-களிலேயே அமைப்பாக உருப்பெற்றது. பயணச் செலவும் தங்கும் செலவும் உங்களுடையவைதான். மருத்துவப் படிப்பு கட்டாயமில்லை. நடக்கத் தெம்பு வேண்டும்.

சக்கர நாற்காலியைத் தள்ளுவதுதான் பெரிய வேலை. உட்கார வைக்கும் முன்பும் எழுப்பும் முன்பும் இரண்டு பிரேக்கையும் போடுங்கள். பாதங்கள் மிதிப்பலகையில் இருக்கின்றனவா, போர்வை நுனி சக்கரத்தில் சிக்குமா என்று பாருங்கள். செங்குத்தான சரிவில் நாற்காலியைத் திருப்பி, நீங்கள் பின்னோக்கி நடந்து மெல்ல இறக்குங்கள். நகர்த்துமுன் "போகலாமா?" என்று கேளுங்கள்; சொல்லாமல் தள்ளினால் யாருக்கும் திடுக்கென்றிருக்கும். பேசும்போது குனிந்து, நாற்காலியில் இருப்பவரின் கண்மட்டத்துக்கு வாருங்கள்.

தூக்கிவிடத் தெரியாவிட்டால் தூக்காதீர்கள், பழகியவரைக் கூப்பிடுங்கள். மருந்து, உணவுக் கட்டுப்பாடு எல்லாம் செவிலியர் பொறுப்பு. மாலை நற்கருணைப் பவனி நீளும். கிளம்புமுன் கழிப்பறைக்கு அழைத்துப் போய்விடுங்கள், தண்ணீரும் மழைக்கோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"கட்டாயம் குணமாகும்" என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். கெபியின் (மாதா குகையின்) முன் நோயாளர் மௌனமாக இருக்க விரும்பினால், பக்கத்தில் சும்மா இருங்கள்.