பிரதமர் வாழ்ந்த வீடு

கேள்வி: அமெரிக்காவில் அதிபர்களுக்கென்றே நூலகமும் அருங்காட்சியகமும் இருக்கின்றனவாமே? பிள்ளைகளுக்குக் காட்ட நம் நாட்டில் அப்படி ஏதும் உண்டா, ஐயா?
– வாசகர், கெலாங் பாத்தா, ஜொகூர்

பதில்: உண்டு. அமெரிக்காவில் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் நூலகம் 1941இல் திறக்கப்பட்டது. இன்று அத்தகைய நூலகங்களை அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம் நடத்துகிறது. இங்கும் பிரதமர்களின் நினைவகங்கள் நம் தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில்தான் உள்ளன.

முதலில் கோலாலம்பூர், ஜாலான் டத்தோ ஓனில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் நினைவகத்துக்குப் போங்கள். அங்குள்ள பழைய மாளிகை, 1888இல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பிராங்க் சுவெட்டன்ஹாமுக்காகக் கட்டப்பட்டது. காலனி அதிகாரியின் வீட்டில் சுதந்திர நாட்டின் முதல் பிரதமர் துங்கு குடியிருந்தார்! நூறு பாடப்புத்தகங்கள் சொல்லாததை அந்தக் கூடம் சொல்லிவிடும். 1994இல் திறக்கப்பட்ட நினைவகம் இது. ‘மகசூரி’, ‘ராஜா பெர்சியோங்’ படங்களுக்குக் கதை தந்த துங்குவையும் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துங்கள்.

இரண்டாம் பிரதமர் துன் ரசாக் வாழ்ந்த ஸ்ரீ தாமான் இல்லமும் நினைவகமாகியிருக்கிறது.

ஜொகூர்க்காரர்களுக்கு இன்னொரு செய்தி: துங்கு நினைவகம் உள்ள சாலைக்குப் பெயர் தந்த டத்தோ ஓன் ஜாபார் உங்கள் மாநிலத்தின் முன்னாள் மந்திரி பெசார். அவர் மகன், மூன்றாம் பிரதமர் துன் உசேன் ஓன், 1922இல் ஜொகூர் பாருவில் பிறந்தவர்.

திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.