உலக இலக்கியமும் க. நா. சு.வும்

ஒரு மொழியின் செல்வம் இருவகையாற் பெருகும். அம்மொழிக்குரியோர் புதுநூல் இயற்றுதல் ஒன்று. பிறமொழிகளில் உள்ள நன்னூல்களைப் பெயர்த்துத் தருதல் மற்றொன்று. இவ்விரு தொண்டினையும் ஒருங்கே செய்தோர் சிலர். அவருள் ஒருவர், க. நா. சு. என்று தமிழுலகம் அழைக்கும் க. நா. சுப்ரமண்யம் ஆவார்.

அவர் 1912ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்திற் பிறந்தார். தந்தையார் அஞ்சல் துறையில் பணிபுரிந்தவர். மகன் ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற வேண்டுமென விழைந்தவர். இளைஞரும் முதலில் அவ்வாறே எழுதத் தொடங்கினார். எனினும், 'மணிக்கொடி' இதழ் காட்டிய புதுநெறி அவர் உள்ளத்தைத் தமிழின்பால் திருப்பிற்று. சென்னைக்கு வந்து எழுத்தையே தொழிலாகக் கொண்டார். நிலையான வருவாய் தரும் தொழிலன்று அது. 1939இல் அவர் நடத்திய 'சூறாவளி' என்னும் இதழும் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும் அவர் எழுதுகோலைக் கீழே வைத்தாரல்லர்.

'பொய்த்தேவு', 'ஒரு நாள்', 'அசுரகணம்' முதலிய நாவல்கள் அவர் படைத்தவை. வறுமையிற் பிறந்த சோமு என்பவன் பெருஞ்செல்வனாகி, முடிவில் யாவற்றையும் துறந்து செல்வதைக் கூறுவது 'பொய்த்தேவு'. மயன் என்னும் பெயரில் அவர் புதுக்கவிதைகளும் எழுதினார்.

இனி, அவருடைய மொழிபெயர்ப்புத் தொண்டினைக் காண்போம். அந்நாளில் எழுத்தாளர் பலர் அயல்நாட்டுக் கதைகளைத் தழுவி எழுதினர். கதைமாந்தர்க்குத் தமிழ்ப்பெயர் சூட்டி, ஊரையும் மாற்றிவிடுவர். க. நா. சு. அவ்வழியை விட்டு, மூலத்திலுள்ள மாந்தரையும் மண்ணையும் அவ்வாறே காட்டினார். நார்வே நாட்டு நட் ஹாம்சன் எழுதிய நாவலை 'நிலவளம்' என்னும் பெயரால் தமிழாக்கினார். அதில் ஐசக் என்னும் உழவன் ஆளில்லாக் காட்டிற்குத் தனியே சென்று, மரம் வெட்டி, கல் பொறுக்கி, நிலத்தைத் திருத்தி விளைவிக்கிறான். அந்நாட்டில் பனி பெய்யும். நம் நாட்டிலோ வெயில் எரிக்கும். ஆயினும் ஐசக்கின் வியர்வையும், மழைக்கு ஏங்கும் நம் உழவனின் வியர்வையும் வேறல்ல என்பதைப் படிப்போர் தாமே உணர்வர். பெயரை மாற்றாமலே அவன் நமக்கு உறவினன் ஆகிவிடுகிறான்!

நோபல் பரிசு பெற்ற முதற் பெண் எழுத்தாளரான ஸ்வீடன் நாட்டுச் செல்மா லாகர்லெவின் நாவல், 'மதகுரு' என்னும் பெயரில் தமிழுக்கு வந்தது. அந்நாட்டுப் பேர் லாகர்குவிஸ்டின் 'பாரபாஸ்', 'அன்பு வழி' ஆயிற்று. இவை ஆங்கில வழியாகத் தமிழுக்கு வந்தவை. தமிழ் எழுத்தாளர் பலர்க்கு இந்நூல்கள் புதுவழி காட்டின.

உலகின் சிறந்த நூல்களைக் கற்றவர் ஆதலின், தமிழ் நூல்களையும் அவர் அதே அளவுகோலால் அளந்தார். பலர் விரும்பிப் படிப்பது என்பதனாலேயே ஒரு நூல் சிறந்ததாகிவிடாது என்று அஞ்சாது கூறினார். அதனால் பகையும் தேடிக்கொண்டார். ஆனால், புகழ்பெறாத நல்லெழுத்தாளர் பலரை நாடு அறியச் செய்தவரும் அவரே.

1965இல் தில்லிக்குச் சென்ற அவர், அங்கிருந்து தமிழின் பெருமையை ஆங்கிலத்தில் உலகிற்கு உரைத்தார். சிலப்பதிகாரத்தையும், நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' நாவலையும் ஆங்கிலமாக்கினார். முதுமையில் சென்னைக்குத் திரும்பி மயிலாப்பூரில் வாழ்ந்தார். 1986இல் 'இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்' என்னும் நூலுக்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்தது. 1988இல் அவர் மறைந்தார்.

மாணவர்களே! மொழிப்பற்று என்பது நம் மொழியைப் புகழ்வதோடு அமைவதன்று. அதன் குறையை அறிந்து நிறைவு செய்ய உழைப்பதும் மொழிப்பற்றே ஆகும். பிறநாட்டு நன்னூல்களை விரும்பிக் கற்பீராக. கற்றவற்றுள் சிறந்ததனைத் தமிழுக்கு ஈவீராக. க. நா. சு.வின் வாழ்வு நமக்குக் கூறுவது இதுவே.