வழுச்செய்தியின் வழு

நூலுக்குரிய குற்றங்கள் பத்தெனக் கூறப்போந்த நன்னூலார், குன்றக் கூறலை முதற்கண் வைத்தார். மயங்க வைத்தலையும் அவற்றுள் ஒன்றாக்கினார். இவற்றைக் கற்பிக்குங்கால் மாணவர் கட்டுரைகளிலிருந்தே எடுத்துக்காட்டுத் தருவது என் வழக்கம். சில ஆண்டுகளின் முன் நம் கணினிக்கூடத்தில் ஒரு கணினியே எனக்கு எடுத்துக்காட்டளித்தது.

மாணவன் ஒருவன் பழைய 32 பிட் செய்நிரல் ஒன்றை லினக்ஸ் இயங்கும் 64 பிட் கணினியிற் படியெடுத்து வைத்தான். கோப்புப் பட்டியலில் அதன் பெயர் தெரிந்தது. அப்பெயரைத் தட்டி இயக்கியபோதோ, ‘அத்தகைய கோப்போ அடைவோ இல்லை’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் விடை வந்தது.

“கோப்பு இருக்கிறது, ஐயா” என்றான். நான் பொறியை நம்பினேன். பெயரைப் பிழையாகத் தட்டியிருப்பாய் என்று கடிந்தேன். அவன் மும்முறை அழித்து மும்முறை படியெடுத்தான். பிற்பகல் முழுதும் வீணாயிற்று.

அவன் சொன்னதே மெய். இல்லாதது அக்கோப்பன்று, அதனை நினைவகத்தில் ஏற்றிவைக்கும் துணைநிரல். 32 பிட் நிரலுக்கு அதற்கேயுரிய ஏற்றி வேண்டும். அது அக்கணினியில் இருந்ததில்லை. லினக்ஸின் கருநிரல் ‘இல்லை’ என்பதைச் சொல்லால் உரைப்பதில்லை. 2 என்னும் எண்ணையே விடையாகத் தருகின்றது. கோப்பு இல்லாவிடினும் 2. கோப்பிருந்து ஏற்றி இல்லாவிடினும் அதே 2. கட்டளைவரியை நடத்தும் பாஷ் என்னும் நிரல் அவ்வெண்ணுக்குரிய வாய்பாட்டு வாக்கியத்தை எடுத்து, நாம் தட்டிய பெயரின் பின்னே ஒட்டிவிட்டது. பயனிலை மெய், எழுவாய் பொய். முழுப்பொய்யை எளிதில் ஐயுறுவோம். இத்தகைய அரைமெய்யே ஆளை அலைக்கழிப்பது.

(யுனிக்ஸ் மரபில் வேறோர் எண்ணுக்குத் ‘தட்டச்சுப்பொறி அன்று’ என்பதே நெடுங்காலம் வாக்கியமாயிருந்தது. தட்டச்சுப்பொறியையே கண்டிராத பிள்ளை அதைக்கொண்டு யாது செய்வான்?)

திருத்தம் அரிதன்று. 2 என்னும் விடை வந்தவுடன், பெயர் குறித்த கோப்பு உண்டோவென ஒருமுறை பார்த்தாற் போதும். 2022 இல் வெளிவந்த பாஷ் 5.2, ‘இயக்க முடியவில்லை, வேண்டிய கோப்புக் காணப்படவில்லை’ என்று மொழிகின்றது. மயங்க வைத்தல் நீங்கிற்று. குன்றக் கூறலோ எஞ்சி நிற்கின்றது. வேண்டிய கோப்பு எதுவெனச் சொல்லவில்லையே! ஏற்றியின் பெயர் செய்நிரலின் உள்ளேயே எழுதப்பட்டுள்ளது. அதனைப் படித்து, ‘இந்நிரல் உள்ளது, இதனை ஏற்றும் இன்ன துணைநிரல் இல்லை’ என்றால், சிறுவனும் அடுத்துச் செய்யவேண்டியதை அறிவான். மென்பொருட் பணிபுரியும் நம் பழைய மாணவர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

அம்மாணவன் பின்னர்ப் புள்ளிப்பட்டியல் ஆக்கும் சிறு நிரலொன்றை எழுதினான். பட்டியலில் இல்லாத சுட்டெண்ணை இட்டால் ‘வழு’ என்று மட்டும் வந்தது. அதனைத் தாளில் எழுதிச் சிவப்பு மையாற் சுழித்துக் கொடுத்தேன். மறுநாள், ‘417 என்னும் சுட்டெண் பத்தாம் வகுப்புப் பட்டியலில் இல்லை’ என வந்தது.

அன்று கடிந்தமைக்கு வருந்துகிறேன் என்றேன். “பொறி சொன்னதை நானும் பாதி நம்பினேன், ஐயா” என்றான்.