சிம்கோ ஏரிக்கு எந்த சோனார்?

அன்புள்ள தம்பிக்கு,

சத்தியமங்கலத்தில் பிறந்து, கனடாவில் பாரி நகரத்தில் வேலை பார்த்து, சிம்கோ ஏரியின் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிற ஒருவர், சோனார் வாங்குவதற்குக் கோயம்புத்தூர்க்காரனிடம் யோசனை கேட்பது கொஞ்சம் வேடிக்கைதான். உறைந்த ஏரி மேல் நான் நின்றது கிடையாது. ஆனால் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தவன். தண்ணீருக்குள் ஒலி போய்த் திரும்பி வருகிற கணக்கு சிம்கோவுக்கும் பவானிசாகருக்கும் ஒன்றுதான். அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்.

மூன்று வகையைக் குறித்து அனுப்பியிருந்தீர்கள். வட்டமாக விளக்கு எரியும் ஃபிளாஷர், நாலு அங்குலத் திரையுள்ள ஃபிஷ்ஃபைண்டர், மீன் நகர்வதை அப்படியே படமாகக் காட்டும் லைவ் சோனார். மூன்றாவதை மறந்துவிடுங்கள். 2018ல் கார்மின் கொண்டுவந்த லைவ்ஸ்கோப்புக்குப் பிறகு அந்த வகைக்கு ஏக மவுசு. அற்புதமான கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் மற்ற இரண்டையும் சேர்த்து வாங்கினாலும் அதன் விலையில் காசு மிச்சமாகும். பேட்டரியும் பெரிதாக வேண்டும். சனிக்கிழமை சனிக்கிழமை நண்பரோடு போய் பெர்ச் பிடிக்கிறவருக்கு அது எதற்கு?

படகில் போகிறவனுக்கும் உங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவன் நகர்ந்துகொண்டே தேடுவான். நீங்கள் ஒரே துளை மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள். அடுத்த துளை வேண்டுமென்றால் பனியைத் துளைக்கும் ஆகரைத் தூக்கிக்கொண்டு நடந்து, மறுபடி ஓர் அடிக் கனத்தைத் துளைக்க வேண்டும். ஆகவே கருவி உங்களுக்குச் சொல்ல வேண்டியது இரண்டே சங்கதி: கீழே ஏதாவது வந்திருக்கிறதா, வந்தது தூண்டிலைப் பார்த்து என்ன செய்கிறது. மீன் வந்து வந்து முகர்ந்துவிட்டுப் போனால் தூண்டிலை மாற்றலாம். எதுவுமே வரவில்லையென்றால் எழுந்து போகலாம். இந்த இரண்டுக்கும் எது உதவும் என்று பார்த்துத்தான் காசு போட வேண்டும்.

முதலில் கூம்பைப் பாருங்கள். துளை வழியே தொங்கவிடும் டிரான்ஸ்டியூசரிலிருந்து ஒலி கீழே போகப் போகக் கூம்பாக விரியும். அந்தக் கோணத்தைப் பெட்டி மேலேயே போட்டிருப்பார்கள். 20 டிகிரி என்றால் 30 அடி ஆழத்தில் பத்தரை அடி அகல வட்டத்தைப் பார்க்கும். 9 டிகிரி என்றால் ஐந்து அடிக்கும் குறைவு. அகலமாகப் பார்ப்பதுதானே நல்லது என்று தோன்றும். தரை சமமாக இருந்தால் நல்லதுதான். சரிவாக இருந்தால் கதை வேறு. கூம்பின் மேட்டுப் பக்கத்துத் தரை முதலில் எதிரொலித்துவிடும். பள்ளத்துப் பக்கம் தரையை ஒட்டி நிற்கிற மீனின் எதிரொலி அதற்குப் பிறகுதான் வரும், தரையோடு தரையாகக் கலந்து மறைந்துவிடும். பெர்ச் தரையை ஒட்டியே நிற்கும் மீன். ஆகவே ஆழம் குறைந்த சமமான இடத்துக்கு 20 டிகிரி, சரிவிலும் ஆழத்திலும் லேக் டிரவுட், ஒயிட்ஃபிஷ் தேடுவதற்கு 9 அல்லது 12 டிகிரி. இரண்டு கோணமும் மாற்றிக்கொள்ளும் டிரான்ஸ்டியூசர் கிடைத்தால் கூடக் கொஞ்சம் கொடுத்தும் வாங்கலாம்.

இரண்டாவது, தாமதம். கடைக்காரர் திரையின் நிறத்தையும் ஜிபிஎஸ்ஸையும் பற்றிப் பேசுவார், இதைப் பேச மாட்டார். நண்பர் வைத்திருக்கும் கருவியில் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் தூண்டிலின் நுனியில் இருக்கும் ஜிக்கைத் தரையிலிருந்து ஒரு முழம் மேலே நிறுத்துங்கள். திரையில் மெல்லிய கோடாகத் தெரியும். மணிக்கட்டைச் சட்டென்று உயர்த்துங்கள். கையோடு கையாகக் கோடும் எழும்பினால் அந்தக் கருவி உங்களுக்கு ஆகும். கை எழும்பி, அப்புறம் கோடு எழும்பினால் வேண்டாம். ஃபிளாஷரில் இந்தத் தாமதம் அநேகமாக இருக்காது, பழைய தொழில்நுட்பமாக இருந்தும் பனியில் அது இன்னும் விற்பதற்குக் காரணம் இதுதான். மீன் ஓரத்தில் நுழையும்போது பச்சையாகத் தெரியும், நடுவுக்கு வர வர ஆரஞ்சு, நேர் கீழே வந்தால் சிவப்பு. சிவப்புக் கோடு மேலேறி ஜிக்கின் கோட்டோடு ஒட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

ஒலி தெறிப்பது பெரும்பாலும் மீனின் சதையில் அல்ல, வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப் பையில். சதையும் தண்ணீரும் ஒலிக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான், காற்றில்தான் அது முட்டித் திரும்பும். 1948ல் ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் மீன் தேடும் கருவியை வியாபாரத்துக்குக் கொண்டுவந்த காலம் முதல் இன்றைய சோனார் வரை எல்லாம் அந்தக் காற்றை நம்பித்தான். பெர்ச்சுக்கு அந்தக் காற்றை வேகமாக வெளியேற்றத் தெரியாது. முப்பது அடிக்குக் கீழிருந்து இழுத்தால் பை உப்பிவிடும், திரும்ப விட்டாலும் பிழைப்பது சந்தேகம். அந்த ஆழத்தில் பிடித்தால் குழம்புக்குத் தேவையான அளவோடு நிறுத்திவிடுங்கள்.

குளிர்ந்த தண்ணீரில் ஆழம் தப்பாகக் காட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். உறையும் நிலையில் ஒலி நொடிக்குச் சுமார் 1,400 மீட்டர் போகும், நம் ஊர்த் தண்ணீரில் 1,500ஐ நெருங்கும். கருவி ஏதோ ஒரு வேகத்தை வைத்துக் கணக்குப் போடும். முப்பது அடிக்கு ஓரிரண்டு அடி முன்னே பின்னே இருக்கலாம். ஜிக்குக்கும் மீனுக்கும் அதே தப்புத்தான், ஆகவே கவலை இல்லை.

வார இறுதியில் சிம்கோவில் கூட்டம் அதிகம், பக்கத்துக் கூடாரத்துக்காரரின் ஒலி உங்கள் திரையில் புள்ளி புள்ளியாக ஓடும். அந்தக் குறுக்கீட்டைத் தள்ளும் பட்டன் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பேட்டரியில், நம் வீட்டுக் கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்ப்-அவர் ஈயப் பேட்டரி போன்றதுதான் மலிவான பெட்டிகளோடு வரும். குளிரில் அதன் பலம் இறங்கிவிடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் எடை குறைவு, அதிக நேரம் நிற்கும். ஆனால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது அதை சார்ஜ் போட்டால் கெட்டுவிடும். வீட்டுக்குள் கொண்டுவந்து சூடு ஏறிய பிறகு போடுங்கள்.

அடுத்த வருடம் ஊருக்கு வரும்போது பெட்டியைக் கொண்டுவந்து பவானிசாகரில் பரிசலில் வைத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கருவி தாராளமாக வேலை செய்யும். பேட்டரியை மட்டும் கைப்பையில் கொண்டுவர வேண்டும், 100 வாட்-அவருக்கு மேல் என்றால் விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். மற்றபடி அணையில் உரிமம் இல்லாமல் மீன்பிடிக்க இறங்க முடியாது, அதை நினைவில் வையுங்கள். நம் பரிசல்காரர்களுக்கு இந்தப் பெட்டி தேவைப்படும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் வலையைக் கட்டிவிட்டுக் காலையில் போய் எடுக்கிறார்கள். அவர்களுக்காக வலை காத்துக்கொண்டிருக்கிறது. கட்லாவும் ஜிலேபி மீனும் எந்த நேரத்தில் எங்கே வந்தன என்று பார்த்துக்கொண்டிருக்க அவசியமில்லை.

ஆனால் எனக்கு ஒரு சொந்த ஆசை உண்டு. 1955ல் அணை கட்டி முடித்தபோது டணாய்க்கன்கோட்டையும் அதன் மாதவப் பெருமாள் கோயிலும் தண்ணீருக்குள் போயின. நீர்மட்டம் நன்றாகக் குறைந்த வருடங்களில் மட்டும் கோயில் வெளியே தலை காட்டும், மக்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அணை நிறைந்து 105 அடி நிற்கும்போது அந்த இடத்துக்கு மேல் ஒரு ஃபிளாஷரைத் தொங்கவிட்டால் எப்படித் தெரியும்? மோயாறும் பவானியும் கொண்டுவந்து போட்ட வண்டல் மெத்தென்று இருக்கும், எதிரொலி மங்கலாகப் பரவும். கருங்கல் சுவர் வந்ததும் பளிச்சென்று சிவப்பு, அதற்கு இரட்டை ஆழத்தில் இன்னொரு கோடு. கடினமான தரையில் மோதிய ஒலி மேல்மட்டத்தில் முட்டி மறுபடி போய் வருவதால் வரும் இரண்டாவது எதிரொலி அது. சிம்கோவில் பாறைத் தரையைக் கண்டுபிடிக்கவும் இதே அடையாளம்தான். நீர்வளத்துறை அனுமதி கிடைத்தால் நானும் பரிசலில் வருகிறேன்.

ஆக, 12 டிகிரியும் 20 டிகிரியும் மாற்றத்தக்க மூன்று நிற ஃபிளாஷர், லித்தியம் பேட்டரி. பயன்படுத்திய கருவியாகக் கிடைத்தாலும் சரி, டிரான்ஸ்டியூசர் வயர் மட்டும் வெடிப்பில்லாமல் இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள், குளிரில் முதலில் போவது அதுதான். கோடையில் படகிலும் போவதாக இருந்தால் நாலு அங்குல ஃபிஷ்ஃபைண்டரைப் பனிக் கிட்டோடு வாங்குங்கள், இரண்டுக்கும் உதவும்.

மிச்சப்படும் பணத்தில் பனி உடைந்து விழுந்தால் ஊன்றி மேலேறுவதற்குக் கழுத்தில் தொங்கவிடும் பனிக் கொக்கி ஒரு ஜோடி வாங்குங்கள். நீங்கள் நிற்கிற பனிக்கட்டியின் கனத்தை எந்த சோனாரும் சொல்லாது. தெளிந்த பனியே நடப்பதற்குக் குறைந்தது 10 சென்டிமீட்டராவது வேண்டும், வெள்ளையாக நுரைத்த பனி என்றால் அதைப்போல இரு மடங்கு. நடக்க நடக்கக் குத்திப் பார்த்துக்கொண்டே போங்கள், தனியாகப் போகாதீர்கள்.

அன்புடன்,
கோயம்புத்தூரிலிருந்து உங்கள் அண்ணன்